தஹினி கிடைக்காத ஊரில் ஹம்மஸ்: கசப்பும் நறநறப்பும் போக என்ன செய்வது?

மீனா_தென்காசி:
ஷார்ஜாவில் 9 வருடம் இருந்துவிட்டுப் போன ஜூனில்தான் ஊருக்குத் திரும்பினோம். அங்கே வாரம் இரண்டு நாள் ராத்திரிக்குக் குபூஸ் ரொட்டியும், கொண்டைக்கடலையோடு தஹினி என்ற எள் விழுது சேர்த்து அரைத்த ஹம்மஸும்தான், பக்கத்துக் கடையில் டப்பாவில் வாங்கிவிடுவேன், வீட்டில் செய்யும் தேவையே வந்ததில்லை. இப்போது பிள்ளைகள் அதையே கேட்கிறார்கள். இங்கே கடைகளில் தஹினி இல்லை, ஆன்லைனில் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை. அதனால் வெள்ளைக் கொண்டைக்கடலையைச் சுண்டலுக்கு வைப்பது போல வேகவைத்து, அதோடு வறுத்த எள், பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் எல்லாம் போட்டு அரைத்தேன். நறநறவென்று இருந்தது, கசந்தது, எள்ளுருண்டை வாசம் வேறு. சின்னவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். எங்கே தவறு செய்தேன்?

இன்னொன்று, என் நாத்தனார் மகனுக்கு எள் ஒத்துக்கொள்ளாது, உதடு வீங்கிவிடும். அவன் வரும்போது எள்ளே இல்லாமல் செய்ய வழி உண்டா?

கீழக்கரையான்:
சகோதரி, குவைத்தில் ஒரு லெபனான் உணவகச் சமையலறையில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சுண்டல் பதத்தில் நிறுத்தியதுதான் முதல் தவறு. சுண்டலுக்குக் கடலை முழுசாக நிற்க வேண்டும், இதற்கு விரல் பட்டாலே மசிய வேண்டும். 250 கிராம் கடலையை ராத்திரி நிறையத் தண்ணீரில் அரை டீஸ்பூன் ஆப்பச் சோடா போட்டு ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னும் அரை டீஸ்பூன் சோடா சேர்த்து வேகவையுங்கள். கடலையை இறுகப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற நார்ப்பொருள் சோடாவின் காரத்தன்மையில் இளகிவிடும். போர் தண்ணீரில் இருக்கிற கால்சியம் இதற்கு நேர்மாறாக அதை இறுக்கும், அதனால் குடிக்கிற தண்ணீரிலேயே வேகவையுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், சோடா நுரைத்து வந்து வெயிட் துவாரத்தை அடைத்துவிடும். மிதக்கும் தோலைக் கையால் அள்ளி எடுத்துவிடலாம்.

அடுத்தது எள். அரபியில் ஹும்முஸ் என்றாலே கொண்டைக்கடலைதான், இந்தப் பண்டத்தின் முழுப்பெயர் ஹும்முஸ் பி தஹினா. தஹினி இல்லையென்றால் அது வெறும் கடலை மசியல். ஆனால் தஹினியை விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. தோல் நீக்கிய எள் என்று கேட்டு வாங்குங்கள், பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். உங்களுக்கு வந்த கசப்புக்குத் தோலோடு இருந்த எள்ளும் கூடுதல் வறுப்பும் காரணமாக இருக்கும். 150 கிராம் எள்ளை அடி கனமான வாணலியில் சிறு தீயில் வைத்து, சூடேறி லேசாக மணம் வந்ததும், நிறம் மாறத் தொடங்கும் முன்பே இறக்கி ஆறவிடுங்கள். சின்ன ஜாரில் தனியாக அரைக்க வேண்டும். முதலில் பொடியாகும், அப்புறம் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அங்கேதான் பலர் போதும் என்று விட்டுவிடுவார்கள். வழித்துவிட்டு, சூரியகாந்தி எண்ணெய் இரண்டு மூன்று ஸ்பூன் விட்டு, மிக்ஸி சூடாகாமல் விட்டுவிட்டு ஓட்டினால் தேன் மாதிரி இளகி ஒழுகும். அதுதான் தஹினி. இதற்கு நல்லெண்ணெய் வேண்டாம், கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிற நம் எண்ணெயின் வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

பூண்டு 3 பல்லைத் தட்டி, 4 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்தால் பச்சை நெடி குறையும். அந்தச் சாற்றைத் தஹினியில் விட்டதும் அது களிமண் போல இறுகும், பயப்படாதீர்கள், ஐஸ் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தால் வெளுத்து மிருதுவாகும். அதன் பிறகுதான் கடலையும் உப்பும். ஆலிவ் எண்ணெயை மிக்ஸிக்குள் விடாதீர்கள், வேகத்தில் சில சமயம் கசந்துவிடும். பரிமாறும்போது மேலே ஒரு சுற்று ஊற்றினால் போதும்.

தேன்மொழி_ஆம்பூர்:
மீனா அக்கா, என் மகளுக்கும் எள் ஒவ்வாமை, அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதலில், நல்லெண்ணெயும் எள்தான், செக்கு எண்ணெய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எள் அரைத்த ஜாரில் அந்தப் பையனுக்கு எதையும் அரைக்காதீர்கள். எள்ளுக்குப் பதில் வேர்க்கடலை போடு என்று பலர் சொல்வார்கள், எள் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. அவன் அம்மாவிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

நான் எள் இல்லாத ஹம்மஸுக்குப் பல நாள் முயன்று, கடைசியில் எள்ளே தேவைப்படாத பண்டத்துக்கு மாறிவிட்டேன். எகிப்தில் பிஸாரா என்று ஒன்று செய்கிறார்கள், தோல் நீக்கிய ஃபாவா பீன்ஸ் என்ற பயற்றைப் பூண்டு, சீரகம், கொத்தமல்லித் தழையோடு வேகவைத்துக் கடைந்து, மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம் தூவுவார்கள். எங்கள் பக்கம் மொச்சையைப் பிதுக்கி எடுக்கிற பருப்பு அதற்கு அப்படியே பொருந்துகிறது. காய்ந்த மொச்சை என்றால் ராத்திரி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிதுக்கி, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவைக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்து சூடாகக் கொடுத்தால் என் மகள் தட்டை வழித்துச் சாப்பிடுவாள்.

பட்டாணிப் பருப்பிலும் செய்யலாம். கிரேக்கர்கள் அதே ஃபாவா என்ற பெயரில் மஞ்சள் பட்டாணிப் பருப்பை வெங்காயத்தோடு குழைய வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுக் கடைவார்கள். இதற்கு ஊறவைக்கும் வேலைகூட இல்லை. ராஜ்மாவில் செய்தால் மட்டும் கவனமாக இருங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும், அரைவேக்காட்டில் அது வயிற்றைப் படுத்திவிடும்.

சமையல்_பித்தன்:
கோடையில் எலுமிச்சை விலை ஏறும்போது நான் வினிகர் விடுகிறேன், கொஞ்சமாக விட்டால் நன்றாகவே இருக்கிறது. இடைக்கால கெய்ரோவின் கொண்டைக்கடலை மசியலிலேயே வினிகர் உண்டு, அதனால் தயங்க வேண்டாம். புளி மட்டும் வேண்டாம், நிறமும் ருசியும் குழம்பாகிவிடும். மேலே தூவச் சுமாக் என்ற புளிப்புப் பொடி இல்லையென்றால் மாங்காய்ப் பொடி.

மீனா_தென்காசி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று கீழக்கரை அண்ணன் சொன்னபடியே செய்தேன். தஹினி இறுகியபோது கை நடுங்கியது, ஐஸ் தண்ணீர் விட விட நிஜமாகவே வெளுத்தது. சின்னவன் இரண்டு சப்பாத்திக்குத் தொட்டுக்கொண்டான். ஞாயிறு நாத்தனார் வருகிறாள், மொச்சை வாங்கி வைத்துவிட்டேன், புது ஜாரும் வாங்கப் போகிறேன். மீதி ஹம்மஸ் எத்தனை நாள் தாங்கும் அண்ணா?

கீழக்கரையான்:
ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் 4 நாள். ஈரக் கரண்டி போடாதீர்கள், மேலே ஒரு படலம் எண்ணெய் நிற்கட்டும். இறுகிவிட்டால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கிளறுங்கள், பழையபடி இளகிவிடும். வீட்டுத் தஹினியை பாட்டிலில் போட்டுத் தனியாக வைத்தால் ஒரு மாதம் வரும், அடியில் தங்கியதைக் கலக்கிவிட்டு எடுங்கள்.