படிவம் 2: ஆய்வுக்கூடம் இல்லாமல் செரிமான மண்டலத்தை எப்படி நடத்துவது?

சிப்புட்_டியூஷன் (கேள்வி):

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை டியூஷன். இடைநிலைப்பள்ளிப் படிவம் 2, பன்னிரண்டு பிள்ளைகள், பெரும்பாலும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள். அடுத்த பாடம் செரிமான மண்டலம். வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று வரிசையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால் “சாப்பிட்ட சோறு கல்லீரலுக்குள் போகுமா?” என்று கேட்டால் பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள். எல்லாச் செரிமானமும் இரைப்பையோடு முடிந்துவிடும் என்கிறார்கள். பித்தநீர் கொழுப்பைச் செரிக்கிறது என்று எழுதுகிறார்கள்.

தலா ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு வகுப்பு இருக்கிறது. தண்ணீர்க் குழாய், சுடுநீர்க் கெத்தல், மேசைகள் உண்டு. வேறு ஒன்றும் இல்லை. காலுறைக்குள் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் போட்டுப் பிசையும் செய்முறையை வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

மாஜோங்_காகிதம்:

காலுறை விளையாட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மேசை நாறும், அவ்வளவுதான். உணவு நசுங்குவதும் தண்ணீர் வடிவதும் தெரியும். மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவது அதில் எங்கே இருக்கிறது? “செரிமானம் என்றால் பிசைவது” என்ற எண்ணம்தான் அழுத்தமாகப் பதியும். ஐந்து நிமிடத்துக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள். காலுறை வாங்கிவிட்டீர்கள் என்றால் அதற்குள் ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டு, பந்துக்குப் பின்னால் மட்டும் கையால் இறுக்கி நகர்த்தச் சொல்லுங்கள். குடலின் அலைவியக்கம் அதுதான். தலைகீழாகத் தொங்கினாலும் விழுங்க முடியுமா என்று கேளுங்கள். முடியும், காரணத்தை அவர்களே பந்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

முதல் வகுப்பில் இரண்டு மாஜோங் காகிதத்தை (பெரிய வரைதாள்) ஒட்டி ஒரு பிள்ளையைப் படுக்கவைத்து உருவத்தை வரையுங்கள். உணவு நடக்கிற பாதை ஒரு நிறம். உமிழ்நீர்ச் சுரப்பி, கல்லீரல், பித்தப்பை, கணையம் நான்கும் வேறு நிறம். அவற்றிலிருந்து பாதைக்குள் வருகிற குழாய்க்கு மட்டும் அம்புக்குறி. பாதையிலிருந்து அவற்றுக்குள் ஓர் அம்பும் போகக்கூடாது. கல்லீரல் குழப்பம் இங்கேயே தீரும்.

ராஃபியா (பிளாஸ்டிக்) கயிற்றை வெட்டிக் கொடுங்கள்: உணவுக்குழாய் 25 செ.மீ., சிறுகுடல் 6 மீட்டர், பெருங்குடல் 1.5 மீட்டர். ஆறு மீட்டரை அந்த வயிற்றுக்குள் அடக்கச் சொன்னால், ஏன் இவ்வளவு சுருள் என்பது தானாக விளங்கும். (உயிரோடு இருப்பவருக்குத் தசை இறுகியிருப்பதால் நீளம் இதைவிடக் குறைவு. யாராவது கேட்டால் சொல்லலாம், கேட்காவிட்டால் விடுங்கள்.)

அப்புறம் ஒரு பொட்டலம் நாசி லெமாக். சோறு, சந்தனில் (தேங்காய்ப்பாலில்) இருக்கிற கொழுப்பு, முட்டையும் நெத்திலியும், வெள்ளரித்துண்டு என்று குழுவுக்கு ஒன்று. தன் பொருள் எந்த இடத்தில் உடைகிறது, எதனால், கடைசியில் என்னவாகிறது என்று அந்தக் குழு கயிற்றோடு நடந்து காட்ட வேண்டும். சோற்றுக் குழுவுக்கு வாயில் வேலை உண்டு, இரைப்பையில் இல்லை, சிறுகுடலில் மறுபடி உண்டு. முட்டைக் குழுவுக்கு வேலை இரைப்பையில் தொடங்கி சிறுகுடலில் அமினோ அமிலமாக முடியும். கொழுப்புக் குழு சிறுகுடல்வரை கிட்டத்தட்ட சும்மா நிற்கும். வெள்ளரிக் குழு பாவம், அதன் நாரான செல்லுலோஸை உடைக்க நம்மிடம் நொதியே இல்லை. கடைசிவரை நடந்து வெளியேற வேண்டியதுதான். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எல்லாம் இரைப்பையில் என்ற நினைப்பு இந்த நடையில் போய்விடும்.

லேப்_அண்ணன்:

மேலே சொன்னது சரி. இரண்டாவது வகுப்பில் உமிழ்நீர்ச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பொருள் எல்லாம் கடையில் கிடைக்கும்.

சோளமாவு 1 கிராம், தண்ணீர் 100 மி.லி. முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு கொதிநீர் சேர்த்துக் கிளறி, நன்றாக ஆறவிடுங்கள். ஃபார்மசியில் விற்கும் போவிடோன் அயோடினை வெளிர் பழுப்பு ஆகும்வரை தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். வெள்ளைத் தட்டில் வரிசையாகச் சொட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறு கோப்பையில் 5 மி.லி. மாவுக் கரைசல், 1 மி.லி. உமிழ்நீர். கோப்பையை 37 பாகைச் சுடுநீரில் நிறுத்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து அயோடின் சொட்டில் விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும். அந்தக் கருநீலம் மங்கி, அயோடினின் பழுப்பே மிஞ்சும்போது மாவுச்சத்து தீர்ந்தது. நம்ம ஊரில் அறையே 30 பாகை, சுடுநீர் இல்லாமலும் நடக்கும், தாமதமாகும்.

பக்கத்தில் இன்னும் மூன்று கோப்பை: கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீர், பனிக்கட்டியில் வைத்தது, வினிகர் சில துளி விட்டது. மூன்றிலும் நீலம் நிற்கும். வினிகர் கோப்பைதான் முக்கியம், இரைப்பையிலும் அமிலம்தான்: சோற்றுக் குழுவுக்கு இரைப்பையில் ஏன் வேலை இல்லை என்பதன் பதில் அதில் இருக்கிறது.

சோதனை கெட்டுப்போகிற இடங்களையும் சொல்கிறேன்:

கரைசல் கெட்டியாக இருந்தால் வகுப்பு முடியும்வரை நீலமே. ஆறாத கரைசலில் உமிழ்நீர் விட்டால் அதிலுள்ள நொதியான அமிலேஸ் சிதைந்துவிடும். சூடாக இருக்கும்போது அயோடின் விட்டால் நீலம் மறையும். ஆறினால் திரும்ப வரும், அதைச் செரிமானம் என்று எழுதிவிடுவார்கள். அயோடினைக் கோப்பைக்குள்ளேயே ஊற்றினால் நொதியின் வேலையே தடைபடும், அதனால் தட்டில் மட்டும். ஒவ்வொரு கோப்பைக்கும் தனித் துளிகுழாய்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சை வகை எதையும் பிழியாதீர்கள். வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே போக்கிவிடும். மாவுச்சத்து முழுதாக இருந்தாலும் காணாமல் போனதுபோல் தெரியும். அந்த வீடியோவின் ஆரஞ்சுச் சாற்றுக்கும் இதே கதி.

உமிழ்நீர் அவரவருடையது அவரவர் கோப்பைக்கு. முதலில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். முடிந்ததும் கோப்பைகள் குளோரோக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணீரில்.

சிப்புட்_டியூஷன்:

நன்றி அண்ணா. சர்க்கரை உண்டானதையும் காட்ட ஆசை. அதைக் காட்டும் பெனடிக்ட் கரைசல் கிடைக்கவில்லை, ஆனால் ஃபார்மசியில் சிறுநீரில் குளுக்கோஸ் பார்க்கிற பட்டை இருக்கிறது. வெள்ளை ரொட்டியை மென்று அதில் வைத்துப் பார்க்கலாமா?

லேப்_அண்ணன்:

வேண்டாம், இரண்டு காரணம். அமிலேஸ் கொடுப்பது பெரும்பாலும் மால்டோஸ் என்ற சர்க்கரை. அந்தப் பட்டை குளுக்கோஸை மட்டுமே காட்டும். செரிமானம் ஒழுங்காக நடந்தும் பட்டை மாறாமல் நிற்கும், பிள்ளைகள் சோதனை தோற்றது என்பார்கள். மால்டோஸைக் குளுக்கோஸாக்கும் மால்டேஸ் நொதி சிறுகுடலில்தான் இருக்கிறது. இரண்டாவது, நம்ம கடை வெள்ளை ரொட்டியில் ஏற்கனவே சர்க்கரை போட்டிருக்கிறார்கள். மெல்லக் கொடுப்பதென்றால் வெறும் சோறு, ஒரு நிமிடம் விழுங்காமல் மெல்லட்டும்.

பட்டையை உறிஞ்சுதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கிங் குழாய் (சிறு மூலக்கூறுகளை மட்டும் கடக்கவிடும் சவ்வுக் குழாய்) ஒரு சாண் அளவு யாரிடமாவது வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, அடியில் முடிச்சிட்டு, மாவுக் கரைசலும் குளுக்கோஸ் மாவும் ஊற்றி மேலே கட்டுங்கள். வெளிப்பக்கத்தைக் கழுவிவிட்டு ஒரு கோப்பைத் தண்ணீரில் போடுங்கள். கழுவாமல் விட்டால் ஒட்டியிருப்பதெல்லாம் தண்ணீருக்கு வந்து முடிவைக் கெடுக்கும். அரை மணி நேரம் கழித்து வெளித் தண்ணீரில் பட்டை நிறம் மாறும், அயோடின் மாறாது. சாதாரண பிளாஸ்டிக் பை இதற்கு ஆகாது, குளுக்கோஸ் அதைக் கடக்காது.

இரைப்பைச்சாறு:

பித்தநீரை யாரும் தொடவில்லை. இரண்டு மூடி போட்ட பாட்டில், ஒவ்வொன்றிலும் 10 மி.லி. தண்ணீர், 2 மி.லி. செம்பனைச் சமையல் எண்ணெய். ஒன்றில் மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று துளி. இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி வையுங்கள். திரவம் இல்லாததில் எண்ணெய் சீக்கிரம் மேலே கூடிவிடும், மற்றதில் பால்போல் கலங்கியே நிற்கும். அங்கே உடனே கேளுங்கள்: “எண்ணெய் வேறு பொருளாக மாறிவிட்டதா?” இல்லை, துளி சிறிதானது, கொழுப்பை உடைக்கும் நொதியான லிபேஸ் தொடுவதற்குப் பரப்பு கூடியது. பித்தநீர் செய்வதும் இதுதான். பித்தநீரில் செரிமான நொதி கிடையாது. கொழுப்பு அமிலமும் கிளிசெராலும் ஆக்குவது கணையத்திலிருந்து வரும் லிபேஸ்.

புரதத்துக்குச் சமைக்காத அன்னாசிச் சாறும் ஜெலட்டினும் போதும்: சாற்றின் நொதி ஜெலட்டின் என்ற புரதத்தை உடைத்து இளக்கிவிடும். அகார் அகார் வாங்கிவிடாதீர்கள், அது கடற்பாசியின் கார்போஹைட்ரேட், புரதம் அல்ல, அன்னாசி அதை ஒன்றும் செய்யாது. டின் அன்னாசியும் சூடுபட்டது, நொதி போய்விட்டது. ஆனால் அதையே ஒப்பீட்டுக்கு வைக்கலாம். கடை ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவது, வீட்டில் மாட்டிறைச்சி புழங்காத பிள்ளைகள் இருப்பார்கள். மீன் ஜெலட்டின் தேடுங்கள். அது நம்ம சூட்டில் தானே உருகும் என்பதால் பனிக்கட்டிப் பெட்டியிலேயே வைத்துச் செய்யுங்கள். அன்னாசியின் நொதி, இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சின் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிசைவதா ரசாயனமா என்று பிள்ளைகள் வாதாடினால் பியூமான்ட் கதை இருக்கிறது. 1822-இல் அமெரிக்காவின் மக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவருக்கு வயிற்றில் குண்டு பாய்ந்து, காயம் ஆறியும் இரைப்பைக்கு ஒரு துளை மிஞ்சியது. வில்லியம் பியூமான்ட் என்ற மருத்துவர் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அதற்குள் இறக்கிப் பார்த்தார். இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் உடல் சூட்டில் வைத்தும் பார்த்தார். பிசைய யாரும் இல்லாமலே இறைச்சி கரைந்தது. 1833-இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த மனிதர் இதற்கெல்லாம் எவ்வளவு மனமுவந்து சம்மதித்தார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பத்து நிமிடம் அதற்கும் ஒதுக்குங்கள்.