ஓடை நீரை அளக்கிறோம், எண்கள் மாறி மாறி வருகின்றன: எதை நம்புவது?

கேள்வி:
வணக்கம். எங்கள் தன்னார்வலர் குழு மாதம் ஒரு முறை அருகிலுள்ள ஓடையில் வெப்பநிலையையும் கரைந்த ஆக்சிஜனையும் அளந்து பதிந்து வருகிறது. ஆக்சிஜன் ஒரு மாதம் லிட்டருக்கு 9 மில்லிகிராம் என்றும் அடுத்த மாதம் 5 என்றும் வருவதால், ஓடை கெட்டுவருகிறதா, கருவியில் கோளாறா என்று தீர்மானிக்க முடியவில்லை. இந்தப் பதிவுகளை வைத்து நிர்வாகத்திடம் முறையிடலாமா?

பதில்:
முதலில், எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று பாருங்கள். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் சுவாசித்து அதைச் செலவழிப்பதால், விடியலுக்குச் சற்று முன் அளவு மிகவும் தாழ்ந்தும் பிற்பகலில் உயர்ந்தும் நிற்கும். வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு: 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் நன்னீரில், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து, முந்தைய நாள் மழையையும் குறித்துவையுங்கள். பிற்பகலிலேயே 5 வருகிறதென்றால் நிச்சயம் கவலைப்பட வேண்டும்.

மற்றொரு பதில்:
அவர் சொன்னது சரி. ஆயினும் ஆக்சிஜன் அளவு அந்த நொடியின் நிலையை மட்டுமே காட்டும். நள்ளிரவில் யாரேனும் கழிவைத் திறந்துவிட்டு, விடிவதற்குள் அது ஓடிப்போயிருந்தால் கருவிக்குத் தெரியாது. மாதக்கணக்கில் அங்கேயே வாழும் நீர்ப்பூச்சிகளுக்குத் தெரியும். நீர் சலசலத்து ஓடும் ஆழமற்ற இடத்தில் ஒரு கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள் அசைய, பெரும்பாலும் மூன்று வால் இழைகளோடு கல்லில் ஒட்டியிருப்பது மேஃபிளையின் இளம்பருவம்; மணல் துகள்களைக் கோத்துக் கட்டிய குழலுக்குள் ஒடுங்கியிருப்பது கேடிஸ்ஃபிளையின் புழு. இவற்றில் பெரும்பாலானவை மாசைத் தாங்காதவை. இவை அற்றுப்போய், குறைந்த ஆக்சிஜனிலும் பிழைக்கும் சிவப்புப் புழுக்கள் மட்டும் மலிந்திருந்தால், ஓடை நெடுநாளாகவே துன்பப்படுகிறது. வலையிடும்போது கீழிருந்து நீரோட்டத்துக்கு எதிராக நகருங்கள். இல்லையேல் நீங்கள் கலக்கிய சேறே அடுத்த மாதிரியில் வந்துசேரும். எண்ணி முடித்ததும் அவற்றை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பதிவேட்டில் 5 வந்தவை காலை அளவீடுகள், 9 வந்தவை மாலை அளவீடுகள். எனில், முறையீட்டுக்கு எது வலுவான சான்றாகும்?

பதில்:
சந்தேகப்படும் வடிகால் ஓடையில் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு இடங்களை அதே நாளில் அடுத்தடுத்து அளந்து, பூச்சிகளையும் எண்ணுங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒவ்வொரு மாதமும் நிலைத்திருந்தால், பருவமும் வெயிலும்தான் காரணம் என்று எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.