உச்சி வெயிலில் என்ன இருக்கப்போகிறது?

கோடையில் என் பறவைக் குறிப்பேட்டில் விடிகாலைக்கு ஒரு பக்கம், பொழுது சாயும் நேரத்துக்கு ஒரு பக்கம், நடுவில் வெற்றுத்தாள்தான். இந்த வெயிலில் என்ன வரப்போகிறது என்ற நினைப்பு. போன வாரம் மதியம் வேறு வேலையாகக் குளத்தோரம் போனபோது நீர்க்காகம் ஒன்று வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. கொட்டாவி என்று நினைத்தேன், ஆனால் தொண்டைத்தோல் மட்டும் விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாதே, தொண்டையை இப்படி அடித்து உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. பக்கத்துக் குச்சியில் ஒரு தட்டான் வாலை நட்டுக்குத்தலாக வானத்துக்குத் தூக்கி நின்றது, கர்ணம் அடிக்கப்போவதுபோல. வால்நுனி சூரியனைப் பார்த்திருந்தால் உடம்பில் வெயில் படும் பரப்பு குறையும், அவ்வளவுதான் சூட்சுமம். காலையில் எத்தனை தட்டான் பார்த்திருப்பேன், ஒன்றுகூட இப்படி நின்றதில்லை.

அன்றைக்குப் பறவை மொத்தமே நான்கு இனம். வெட்கப்படாமல் முழுப் பட்டியலாகவே ஈபேர்டில் (பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இணையதளம்) ஏற்றிவிட்டேன். கண்ணில் பட்டதை எல்லாம் நேரத்தோடு எழுதினால்தானே எது வரவில்லை என்பதும் பதிவாகும். உங்களுக்கு வெயிலில் என்னென்ன கிடைத்தது?

*

நான் பகலில் வெளியே தலை காட்டுவதே இல்லை, ராத்திரிதான் அந்துப்பூச்சிகளை வரவழைக்க வெள்ளைத்துணி கட்டிப் புறஊதா விளக்கு போடுவேன். பௌர்ணமியை ஒட்டிப் போட்டால் சின்ன வண்டும் கொசுவும்தான் மிச்சம், நிலா வெளிச்சத்தில் விளக்குக்கு மவுசு குறைவு. புழுக்கமாக, மேகம் மூடி, காற்றே இல்லாமல் நமக்குத் தூக்கம் வராத ராத்திரி இருக்கிறதே, அதுதான் அந்துப்பூச்சிக்கு நல்ல ராத்திரி. அப்படி ஒரு நாள் அரளி இலை தின்று வளரும் அந்தப் பச்சை அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்துவிட்டது, சாகப்போகிறது என்றே நினைத்துவிட்டேன். பார்த்தால் பறப்பதற்கு முன் தசையைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது! எடுத்த படம் எல்லாம் கலங்கல், அப்புறம் காணொளிதான் எடுத்தேன்.

ஒரு தப்பும் செய்தேன். விளக்கை அணைக்காமல் தூங்கிப்போய் விடியலில் எழுந்தால், துணியில் இருந்த அந்துகளைக் கரிச்சான் ஒன்று வரிசையாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருக்கிறது. பறவைக் கணக்கில் ஒன்று கூடியது, பூச்சிக் கணக்கில் எத்தனை போனதோ. இப்போதெல்லாம் இருட்டு விலகும் முன்பே அணைத்து, துணியைப் புதர்ப் பக்கம் மெல்ல உதறிவிடுகிறேன்.

*

மதியம் குளத்தோரம் போனவரே, கைபேசி வைத்திருந்தால் நிழலில் வையுங்கள். நண்பகலில் குக்குறுவான் குரலைப் பதிவு செய்யப் பாறைமேல் வைத்தேன், சூடாகி அணைந்தே போய்விட்டது. அதுவரை பதிவானதிலும் சிள்வண்டு இரைச்சல்தான், பறவை எங்கோ அடியில். சரி, பூச்சியையே கேட்போம் என்று ராத்திரி சுவர்க்கோழியிடம் போனேன். சூடு கூடக் கூட அது வேகமாகக் கத்தும் என்பதை வைத்து 1897இல் டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரு கணக்கே போட்டார். அதன் எளிய வடிவம், 8 விநாடியில் எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி 5 கூட்டினால் செல்சியஸ். எல்லா இனத்துக்கும் ஒத்துவராது. நான் எண்ணியது 22, ஆக 27. வெப்பமானி 29 காட்டியது. சுவர்க்கோழிக்கு அன்று மனது குளிர்ந்திருக்கும்போல.