மூன்று ஏ இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? உயர்தரப் பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதியும் – அனுபவப் பகிர்வு

உயர்தரக் கணித ஆசிரியர்:

இலங்கையில் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகிற அன்று பெற்றோர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “சேர், மகனுக்கு மூன்று ஏ. பொறியியல் கிடைக்குமா?” இசட் புள்ளி (மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒப்பிட்டுக் கணிக்கும் புள்ளி) எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால், அதைப் பார்க்கவில்லை என்பார்கள். பார்க்க வேண்டியதே அதைத்தான்.

75உம் அதற்கு மேலும் ஏ. 65–74 பி, 55–64 சி, 35–54 எஸ், அதற்குக் கீழே எஃப். (உயர்தரத்துக்கு முன் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் சி 50இலேயே தொடங்கிவிடும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.) 75 எடுத்த பிள்ளைக்கும் 98 எடுத்த பிள்ளைக்கும் சான்றிதழில் விழுவது ஒரே ஏ. மூன்று பாடத்திலும் ஒரே அமர்வில் குறைந்தது எஸ், அத்தோடு உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி இருந்தால் அடிப்படைத் தகுதி வந்துவிடும். அதற்குப் பிறகு தெரிவை நடத்துவது இசட் புள்ளி.

ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) வகுக்க வேண்டும். மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்து, கூட்டி, மூன்றால் வகுத்தால் இறுதி இசட் புள்ளி. விளக்கத்துக்காக எண்களை நானே வைக்கிறேன்: மூன்று பாடங்களின் சராசரி 50, 48, 52, நியம விலகல் 16, 18, 20. ஒருவர் 76, 75, 77 எடுக்கிறார், மூன்று ஏ. அவருக்கு 1.625, 1.5, 1.25, இறுதியாக 1.4583. இன்னொருவர் 94, 92, 72 எடுக்கிறார், இரண்டு ஏ ஒரு பி. அவருக்கு 2.75, 2.4444, 1.0, இறுதியாக 2.0648. மூன்று ஏக்காரர் வெகுதூரம் பின்னால் நிற்கிறார். இதில் அநியாயம் எதுவும் இல்லை. அவர் ஒவ்வொரு பாடத்திலும் ஏயின் வாசலில் நிற்கிறார், அவ்வளவுதான்.

புள்ளிவிபர ஆசிரியர்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கடினமான பாடம் எடுத்தால் நட்டம் என்ற பயம் தேவையில்லை. எல்லாருக்கும் வினாத்தாள் கடினமாக இருந்தால் சராசரியும் இறங்கும். அங்கே எடுக்கிற 70 பெரிய இசட் புள்ளியாகிவிடும். சராசரி 40, விலகல் 15 என்றால் 70க்கு 2.0. சராசரி 58, விலகல் 12 என்றால் அதே 70க்கு 1.0தான். மறுபக்கமும் உண்டு: மிகத் திறமையானவர்கள் மட்டுமே தோற்றும் பாடத்தில் சராசரி ஏறி நிற்கும்.

யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் இந்த முறையின் உயிர். 2011 பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் தோற்றினார்கள். அவர்களுக்கு இசட் புள்ளி கணித்த விதம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012இல் திரும்பவும் கணிக்க வேண்டி வந்தது.

விண்ணப்பம் நிரப்ப உதவுபவர்:

நல்ல புள்ளி இருந்தும் பிள்ளைகள் வாய்ப்பைத் தொலைக்கும் இடம், விண்ணப்பத்தில் விருப்பப்படி எழுதும் யுனிகோட் வரிசை. ஒரு பாடநெறியும் அது நடக்கும் பல்கலைக்கழகமும் சேர்ந்தது ஒரு யுனிகோட். பேராதனைப் பொறியியலுக்கு ஒன்று, மொறட்டுவைப் பொறியியலுக்கு வேறொன்று.

“கிடைக்காததை முதலாவதாகப் போட்டால் இரண்டாவதும் போய்விடும்” என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். தெரிவு நடப்பது இசட் புள்ளி வரிசையில். உங்கள் புள்ளி எட்டுகிற யுனிகோட்டுகளில் நீங்கள் மேலே எழுதியது எதுவோ அதுவே வரும். எட்டாத ஒன்றை முதலில் எழுதியதற்குத் தண்டனை கிடையாது. உண்மையில் நட்டம் வருவது தலைகீழாக எழுதும்போது: போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, விரும்பாத பாடநெறியை மேலே போட்டுவிடுவார்கள். இந்த வருடம் அவர்கள் விரும்பியதற்கு வெட்டுப்புள்ளி இறங்கும். ஆனால் கிடைப்பது மேலே எழுதியதுதான்.

வெட்டுப்புள்ளி முன்கூட்டித் தீர்மானிக்கிற எண்ணும் அல்ல. கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி அது. இடங்கள் கூடினாலோ போட்டியாளர் குறைந்தாலோ நகரும்.

இன்னொன்று, சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை (அந்தத் துறைக்குப் பொருத்தமா என்று பார்க்கும் தனிப் பரீட்சை) உண்டு; கட்டடக்கலை ஓர் உதாரணம். அனுமதியை நடத்தும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் யுனிகோட் எழுதினால் மட்டும் போதாது, பல்கலைக்கழகம் விளம்பரம் போடும்போது அங்கேயும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் அந்தத் தெரிவு செத்துவிடும். சில பாடநெறிகளுக்குச் சாதாரண தர ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட தரம் வேண்டும். அது ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அந்தந்தப் பாடநெறியின் கீழேதான் இருக்கும், முன்பக்கத்தில் தேடாதீர்கள்.

வழிகாட்டல் ஆசிரியை, மலையகம்:

மாவட்டம் பற்றி. மாவட்டக் கோட்டா (ஒதுக்கீடு) உள்ள பாடநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமை (நாடு முழுவதுக்கும் ஒரே இசட் புள்ளி வரிசை), 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை விகிதப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா, பதுளை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. நுவரெலியாப் பிள்ளை ஒருவர் அகில இலங்கைத் திறமையிலேயே உள்ளே போய்விட்டால், மாவட்டப் பங்கில் ஓர் இடமும் குறையாது.

பிறந்த ஊரோ அப்பாவின் ஊரோ இங்கே கணக்கில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய 3 வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதைப் பார்ப்பார்கள். உயர்தரத்துக்காகக் கொழும்புக்கு மாறும்போது பல குடும்பங்கள் இதை யோசிப்பதில்லை. நல்ல ரியூசன் கிடைக்கும்தான். கூடவே கொழும்பு வெட்டுப்புள்ளியும் வரும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விண்ணப்பம் நிரப்ப உதவுபவர்:

விடைத்தாள் மீளாய்வுக்குப் போட்டிருக்கிறோம், முடிவு வந்ததும் விண்ணப்பிக்கிறோம் என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்ப முடிவுத் திகதி மீளாய்வுக்காக நிற்காது. கையிலிருக்கும் பெறுபேற்றோடு அனுப்பிவிடுங்கள். கிடைத்த பாடநெறி பிடிக்கவில்லை என்றால், வெற்றிடம் நிரப்பும்போது அதற்கு மேலே நீங்கள் எழுதிய யுனிகோட்டுகள்தான் பார்க்கப்படும், கீழே எழுதியவை அல்ல. விண்ணப்பத்தில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் அந்தக் காலத்தில் மாற்றாதீர்கள்.