அப்பாவுடன் ஹனோய் ஓபனா, மணிலா ரேயஸ் கப்பா? முதல் முறை நேரில் பூல் பார்க்கப் போகிறோம்

வான்மதி:

வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. ரிட்டயர் ஆனதிலிருந்து மாலை நேரம் முழுக்க பிலிப்பைன்ஸ் பூல் (மேசைமேல் கோலால் பந்தடிக்கும் ஆட்டம்) ஜாம்பவான் எஃப்ரன் ரேயஸின் பழைய ஆட்டங்கள்தான். 1995-இல் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக ரேயஸ் அடித்த அந்த ‘இசட்’ ஷாட்டை, வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டுக் காட்டாமல் விடமாட்டார். அவரை ஒரு தடவையாவது வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய் பெரிய போட்டியை நேரில் காட்ட ஆசை. அக்டோபரில் எனக்கு லீவு கிடைக்கும்.

தேடியதில் ஹனோய் ஓபனும் மணிலாவில் ரேயஸ் கப்பும் அடுத்தடுத்து வருவது தெரிந்தது. 2024-இல் ஹனோய் அக்டோபர் 8 முதல் 13 வரை, மணிலா 15 முதல் 18 வரை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியுமா, ஒன்றுதான் என்றால் எது? ஹனோய்க்கு அரையிறுதி, இறுதி நடக்கும் கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். தம்பியோ லண்டனுக்குப் போய் மோஸ்கோனி கப் பாருங்கள் என்கிறான்.

அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. நடப்பார், ஆனால் படிக்கட்டு ஏறுவது சிரமம். எனக்கு ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. ஒன்பதாம் பந்தைப் போட்டால் ஜெயிப்பு என்கிற அளவுதான்.


மூலைப்பாக்கெட்:

முதல்ல உங்க தம்பி பேச்சை முடிச்சிடுவோம். மோஸ்கோனி கப் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதுறது. 1994-லேர்ந்து அப்படித்தான். அங்க ஒரு பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரரைக்கூடப் பார்க்க முடியாது. ரேயஸ் ரசிகரை அங்க கூட்டிட்டுப் போய் என்ன பண்றது?

அடுத்து, அந்தக் கடைசி ரெண்டு நாள் யோசனை. அதை விட்டுடுங்க. ஹனோய் போறதுன்னா முதல் ரெண்டு நாள் போங்க.

நான் பூல் மேசைக்குத் துணி மாத்துற வேலை பாக்குறவன். துணிக்கு அடியில இருக்கிற ஸ்லேட் கல்லைச் சமன் பண்றது, மேசை ஓரத்துக் குஷன் ரப்பர் மாத்துறது, இதான் பிழைப்பு. அந்தக் கண்ணோடதான் போட்டி பார்க்கப் போவேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

ஹனோய் ஓபன்ல 256 பேர் ஆடுறாங்க. தொடக்கச் சுற்றெல்லாம் டபுள் எலிமினேஷன், அதாவது ரெண்டு தடவை தோத்தாத்தான் வெளியே. 64 பேரா சுருங்கின பிறகுதான் ஒரே தோல்வியோட மூட்டை கட்டுறது. முதல் ரெண்டு நாள் அரங்கு முழுக்க மேசை போட்டிருப்பாங்க, எல்லாத்துலயும் ஒரே நேரத்துல ஆட்டம். இந்தப் பக்கம் உலக சாம்பியன், பக்கத்து மேசையில யாருக்கும் பேர் தெரியாத உள்ளூர்ப் பையன். அந்தப் பையன் 7-4னு முன்னால இருப்பான். கூட்டம் மெதுவா அங்க நகரும். டிவி கேமரா அந்தப் பக்கம் திரும்பியே இருக்காது. வீட்ல உட்கார்ந்து பார்க்க முடியாததைப் பார்க்கத்தானே விமானம் ஏறுறோம்? இறுதி ஆட்டம் வீட்லயே நல்லாத் தெரியும், மேல இருந்து படம் பிடிச்சுக் காட்டுறான், ரீப்ளே வேற. நேர்ல போனா இருட்டு அரங்குல தூரத்துல ஒரே ஒரு மேசை, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் சேஃப்டி ஆட்டம். எதிராளி அடிக்க வழியில்லாம கியூ பாலை (கோலால அடிக்கிற வெள்ளைப் பந்து) ஒளிச்சு வைக்கிறது, அவன் அதைக் குஷன்ல மோதி வெளியே எடுக்கிறது. உங்க அப்பா ரசிக்கிற ரேயஸோட பேரே அந்தக் கிக் ஷாட்லதான் இருக்கு. வெளி மேசைகள்ல ஆட்டக்காரருக்கும் உங்களுக்கும் நடுவுல சில அடிதான் இருக்கும். அவன் மேசையைச் சுத்தி வந்து குஷன்ல ஒரு புள்ளியை முறைச்சுப் பார்ப்பான் பாருங்க, அந்த முறைப்புலயே பாதி கணக்கு முடிஞ்சிடும்.

பெரிய போட்டின்னா மேசைத் துணி புதுசு. புதுத் துணி வழுக்கும், குஷன்ல பட்டுத் திரும்புற கோணம் பழகின மேசை மாதிரி இருக்காது. காத்துல ஈரப்பதம் ஏறினா பந்து ஓட்டம் இன்னும் மாறும். டிவி மேசைக்கு மேல விளக்குச் சூடு, அது தனிக் கதை. முதல் நாள் பெரிய பெரிய ஆளெல்லாம் பேங்க் ஷாட்ல, அதாவது பந்தைக் குஷன்ல மோதித் திருப்பிப் போடுறதுல, தடுமாறுறது இதனாலதான். ‘இவனுக்கு என்ன ஆச்சு’ன்னு பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க கேப்பாங்க. ஒண்ணும் ஆகலை, துணியைப் படிச்சுட்டிருக்கான். ரெண்டாவது நாள் அதே ஆள் அதே குஷனை எப்படி அடிக்கிறான்னு பாருங்க. உங்க அப்பாவுக்கு இது புரியும்னு நினைக்கிறேன்.


சுண்ணக்கட்டி:

மூலைப்பாக்கெட் அண்ணன் எப்பவும் இப்படித்தான், துணி பார்க்கவே டிக்கெட் எடுப்பார். நான் ஒத்துக்கமாட்டேன். முழங்கால் வலி உள்ளவரை மேசைக்கு மேசை நடக்க வைக்கலாமா?

மணிலா மட்டும் போங்கள். ரேயஸ் கப் என்பது ஆசிய அணிக்கும் மற்ற உலக அணிக்கும் நடுவில் நடப்பது. ஒரே மேசை, ஒரே இருக்கை, நாலு நாள். ஒவ்வொரு ஆட்டமும் முதலில் ஐந்து ரேக் (ஒன்பதாம் பந்து விழும்வரை ஒரு சுற்று) எடுப்பவருக்கு, அதனால் சீக்கிரம் முடியும். ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, முதலில் 11 புள்ளி எடுக்கும் அணிக்குக் கோப்பை. ஆட்டம் தெரியாத வான்மதிக்கும் இது எளிது. 2024-இல் முதல் தடவை நடந்தபோது ஆசியா 11-6 என்று ஜெயித்தது. அணித் தலைவர் யார் தெரியுமா? எஃப்ரன் ரேயஸேதான். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு ராத்திரி கத்தினால் போதும், அப்பாவுக்கு வேறொன்றும் வேண்டாம்.


வான்மதி:

இரண்டு பேருக்கும் நன்றி. குழப்பம் குறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன் :)

அப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். “ரேயஸ் இருந்தா மணிலா, ஆட்டம் வேணும்னா ஹனோய்” என்றார். எதுவும் தெரியாத மாதிரி கேட்டேன், அவருக்கு இரண்டும் அத்துப்படி.

இன்னும் சில சந்தேகம். அப்பா தன்னுடைய கியூவை (பந்தடிக்கும் கோல்) கொண்டுவருவேன் என்று பிடிவாதம். விமானத்தில் கையில் எடுத்துப் போகலாமா? ரேயஸ் கிட்டே போய்ப் பேச முடியுமா? அரங்கில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் எனக்கும் கொஞ்சம் புரியும்?


மேகலை:

காகித வேலையை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், மற்றது அண்ணன்கள் பாடு. வியட்நாமுக்கு இ-விசா போதும். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா நாட்டவருக்கும் தருகிறார்கள், 90 நாள் வரை. ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறைக்கு 50. அரசுத் தளத்திலேயே போடுங்கள், தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே. விமான டிக்கெட்டிலும் அதே.

பிலிப்பைன்ஸுக்கு விசா தேவையா என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, தூதரகத் தளத்தில் பாருங்கள். விசா தேவைப்படாவிட்டாலும் ‘இ-டிராவல்’ பதிவு உண்டு. போய்ச் சேர்வதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். இலவசம், யாராவது பணம் கேட்டால் அது போலித் தளம். திரும்பி வரும் டிக்கெட்டையும் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள்.

ஹனோயிலிருந்து மணிலாவுக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் அக்டோபர் புயல் மாதம். இடையில் ஒரு நாளாவது காலியாக விடுங்கள்.


மூலைப்பாக்கெட்:

அப்பா சொன்னது ரொம்பச் சரி. அவருக்கே மறுமொழி போட வேண்டியது, உங்களுக்குப் போட்டுட்டிருக்கேன்.

சுண்ணக்கட்டி தம்பி சொன்ன முழங்கால் விஷயத்தை நானும் யோசிச்சேன். நியாயம்தான். அதுக்காக ஹனோயை வெட்ட வேண்டாம், ஓட்டத்தைக் குறைங்க. அன்னன்னைக்கு எந்த மேசையில யாருன்னு அட்டவணை போடுவாங்க. உங்க அப்பாவை ரெண்டு ஆட்டம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. அதுக்கு மட்டும் போய் உட்காருங்க, மத்த நேரம் ஓய்வு. தொடக்கச் சுற்றுல முதல்ல ஒன்பது ரேக் எடுக்கணும். சேஃப்டி ஆடுற ரெண்டு பேர் மாட்டினா ரெண்டு மணி நேரம் ஓடிடும், அதனால ஒரு நாளைக்கு ரெண்டு ஆட்டமே அவருக்குத் தாராளம். யாரைன்னு கேட்டா, கார்லோ பியாடோவை விடாதீங்க. 2017-ல உலக சாம்பியன், 2025-ல ஜெட்டாவுல மறுபடி உலக சாம்பியன். ஜோஹன் சுவாவும் உண்டு, 2024 ஹனோய் ஓபனை எடுத்தவர். உள்ளூர்க்காரர் டுவோங் குவோக் ஹோவாங் ஆடுற மேசைக்கு முன்கூட்டியே போயிடுங்க, அவர் பேரைக் கேட்டாலே கூட்டம் கூடிடும்.

போட்டி நடக்கிறது மீ டிங் பக்கம், நகரத்துக்கு மேற்கே. சுத்திப் பார்க்க வர்றவங்க எல்லாம் பழைய நகரப் பகுதியில தங்குவாங்க, அங்கேர்ந்து வந்து போறது ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். மாலை நெரிசல்ல அப்பாவை அலைக்கழிக்காதீங்க. மீ டிங் பக்கமே அறை போடுங்க, லிஃப்ட் இருக்கான்னு கேட்டுட்டு. அங்க நிறைய கட்டடம் ஒடுக்கமா, உயரமா, வெறும் படிக்கட்டோட இருக்கும். விமான நிலையத்திலேர்ந்து ஆப்ல கூப்பிடுற கிராப் வண்டி பிடிச்சிடுங்க, பேரம் பேசுற வேலை இல்ல.

இடம் விஷயம். ஹனோய்ல வெளி மேசைன்னா பிரேக் (ஆட்டத்தைத் தொடங்குற முதல் அடி) அடிக்கிற முனைக்கு எதிர் முனையில உட்காருங்க. அடுக்கி வச்ச பந்துகள் உடையறது உங்களை நோக்கி வரும், பந்துகள் எங்கெங்க சிதறி நிக்குதுன்னு கண்ணுக்கு நேரே தெரியும். அடுத்து ஒண்ணாம் பந்துலேர்ந்து வரிசையா எண்ணுங்க. இப்ப அடிக்கிறதைப் பார்க்காதீங்க, அடுத்த பந்துக்கு கியூ பால் எங்க போய் நிக்கணும்னு நீங்களே மனசுல ஒரு இடம் குறிங்க. ஆட்டக்காரர் அங்கயே கொண்டு போய் வைக்கிறாரா, வேற வழி போறாரான்னு பாருங்க. ஒரு மணி நேரம் இப்படிப் பார்த்தா உங்களுக்கே பிடிச்சிடும், அப்பா விளக்கத் தேவையில்லை. (அவர் விளக்குவார், அது வேற.) மணிலாவுல மட்டும் கொஞ்சம் உயரமான வரிசை எடுங்க. ரொம்பத் தாழ்வா உட்கார்ந்தா மேசை விளிம்புதான் தெரியும், பந்து தெரியாது. ஆனா படிக்கட்டு குறைவா ஏறுற வரிசையாப் பாருங்க, முடிஞ்சா நடைபாதை ஓர இருக்கை, காலை நீட்டலாம்.

ஆட்டக்காரர் குனிஞ்சு கியூவை நீட்டினா யாரும் எழுந்திருக்கக்கூடாது, குறிப்பா அவர் பார்வை போற நேர்க்கோட்டுல. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மணிலாவுல ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல எவ்வளவு வேணா கத்தலாம், ஹனோய் வெளி மேசையில அப்படிக் கத்தினா பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

கியூ கையில கொண்டு போக முடியாது. ரெண்டாப் பிரிச்சாலும் ஒரு துண்டு ஏறக்குறைய 74 சென்டிமீட்டர், கேபின் பெட்டி அளவுக்கு மேல. அதோட பாதுகாப்புச் சோதனையில அதைத் தடின்னுதான் பார்ப்பாங்க. கெட்டியான கேஸ்ல போட்டு, சுத்தித் துணி அடைச்சு, பெரிய பெட்டிக்குள்ள வச்சு செக்-இன் பண்ணுங்க. கொண்டு போகட்டும், நான் தடுக்கமாட்டேன். ஹனோய்ல தெருவுக்குத் தெரு பூல் கூடம். போட்டி இல்லாத நேரம் ஒரு மேசை எடுத்து ஆடச் சொல்லுங்க. அங்க அறுபது தாண்டினவங்க ஆடுறதைப் பார்த்தா அவருக்கு உற்சாகம் வரும்.

ரேயஸ் கிட்ட பேசுறது பத்தி: அவர் அரங்குல இருந்தா அவரைச் சுத்தி எப்பவும் கூட்டம்தான். அமர்வு தொடங்குறதுக்கு ரொம்ப முன்னாடி போய்ப் பாருங்க, இல்லைன்னா முடிஞ்ச பிறகு. நடுவுல வேண்டாம். அவருக்கும் எழுபது தாண்டிடுச்சு, நிக்க வச்சுப் பேசாதீங்க. இதுக்கு உத்தரவாதம் யாரும் தர முடியாது, அப்பாகிட்ட முன்கூட்டிச் சொல்லிடாதீங்க.


சுண்ணக்கட்டி:

அண்ணன் மணிலாவுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார், அதனால் சமாதானம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மணிலா அறையை அரங்கு எது என்று அறிவித்த பிறகு போடுங்கள். 2024-இல் பாசிக் பக்கம் மெட்ரோடெண்டில் நடந்தது, அடுத்த வருடம் நினாய் அகினோ ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. இரண்டும் ஊரின் வெவ்வேறு மூலை. மணிலா நெரிசலில் மாட்டினால் முதல் ஆட்டம் முடிந்த பிறகுதான் உள்ளே நுழைவீர்கள்.


வான்மதி:

சரி, இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஹனோயில் முதல் மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம், மீ டிங் பக்கம் லிஃப்ட் உள்ள அறை. பிறகு மணிலா, அங்கே கடைசி இரண்டு நாள் மட்டும்.


மூலைப்பாக்கெட்:

எல்லாம் சரி, மணிலாவுல மட்டும் மாத்துங்க. கடைசி ரெண்டு நாளுக்குப் பதில் ரெண்டாவது, மூணாவது நாள் எடுங்க. 11 புள்ளியை ஒரு அணி சீக்கிரம் எட்டிடுச்சுன்னா கடைசி நாள் ரெண்டே ஆட்டத்துல முடிஞ்சுபோகும். காசு மிச்சம் இருந்தா கடைசி நாளையும் சேர்த்துக்குங்க.