வீட்டில் அரைத்த கஞ்சிமாவு 6 மாதக் குழந்தைக்குப் போதுமா?

தூங்காதஅம்மா:
என் பெண்ணுக்கு அடுத்த வாரம் 6 மாதம் முடிகிறது, இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். டப்பா மாவு வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம் என்று அரிசியைக் கழுவிக் காயவைத்து, லேசாக வறுத்து, மிக்ஸியில் அரைத்து வைத்திருக்கிறேன். நேற்று ஒத்திகையாகக் காய்ச்சிப் பார்த்தால் ஒரே கட்டி, ஆறியதும் போஸ்டர் ஒட்டலாம் போல இறுகிவிட்டது. எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணீர்? மாவை எத்தனை நாள் வைக்கலாம்? அப்புறம், டப்பா மாவில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள், உன் மாவில் அது இருக்காது என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். உண்மையா, இல்லை சும்மா பயமுறுத்துகிறாளா?

கரண்டிக்காரி:
கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டியிருப்பீர்கள், அதுதான் கட்டி. முதலில் பச்சைத்தண்ணீரில் நன்றாகக் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வையுங்கள். 1 மேசைக்கரண்டி மாவுக்கு அரை கப் தண்ணீர், சிறு தீயில் 10 நிமிடம், கை விடாமல் கிளற வேண்டும். வறுத்த மாவுதானே என்று வெந்நீரில் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள், வேக வேண்டும். ஆறினால் எப்படியும் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். அதில் தாய்ப்பால் கொஞ்சம் விட்டுப் பாருங்கள், சற்று நேரத்தில் தானாகவே இளகிவிடும், பாலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கிற வேலை அது. அதற்காகத் தண்ணீர் மாதிரியும் ஆக்க வேண்டாம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல் நிற்கிற பதம்தான் சரி, இல்லையென்றால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரிலேயே நிரம்பிவிடும். நான் ஒரு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்து, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைப்பேன். ஓட்ஸ், தவிடு நீக்காத அரிசி இதெல்லாம் அரைத்த பிறகு சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். குழந்தை வாயில் போன கரண்டி பட்ட மிச்சத்தை எடுத்து வைக்கவே கூடாது.

ரெண்டுபிள்ளைஅப்பா:
உங்கள் தோழி சொல்வது உண்மை. பிறக்கும்போது உடம்பில் சேமித்து வந்த இரும்பு ஏறக்குறைய 6 மாதத்தில் தீர்ந்துவிடும், தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. 7 முதல் 12 மாதம் வரை நாளுக்கு 11 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை, வெறும் அரிசிக் கஞ்சியில் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. என் மூத்தவனுக்கு வீட்டு மாவு கொடுக்கிறோம் என்ற பெருமையிலேயே இருந்துவிட்டோம், 9 மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்து அப்புறம் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்காக வீட்டு மாவை விடச் சொல்லவில்லை. கஞ்சியோடு நன்றாக வேகவைத்து மசித்த இறைச்சி, பருப்பு என்று ஏதாவது தினமும் இருக்கட்டும். பருப்பு என்றால் கூடவே வைட்டமின் சி உள்ள பழம் கொஞ்சம் மசித்துக் கொடுங்கள், இரும்பு உடம்பில் சேர அது உதவும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்குச் சொட்டு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடலாம்.

இன்னொன்று, தினமும் அரிசி மட்டும் வேண்டாம். நீர் தேங்கிய வயலில் வளர்வதால் அரிசி மண்ணிலிருந்து ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளை மற்ற தானியங்களைவிட அதிகமாக இழுத்துக்கொள்கிறது. குழந்தைகளுக்கான அரிசி மாவில் அது பில்லியனில் 100 பங்கைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் வரம்பு வைத்ததே இதனால்தான். ஓட்ஸ், பார்லி, கோதுமை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். முதல் தடவை மட்டும் ஒவ்வொன்றாக, இடையில் 3 நாளாவது விட்டு. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய வேண்டுமே.

சின்னக்கிண்ணம்:
இவ்வளவு யோசித்தால் குழந்தை வளர்க்கவே முடியாது! கஞ்சியில் ஒரு சொட்டுத் தேன் விட்டால் சமர்த்தாகக் குடித்துவிடும், என் பையன் அப்படித்தான் வளர்ந்தான்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
@சின்னக்கிண்ணம், உங்கள் பையன் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி, ஆனால் 1 வயதுக்கு முன் தேன் கூடவே கூடாதுங்க. அதில் பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், கொதிக்க வைத்தாலும் சாகாது. பெரியவர்களின் குடல் சமாளித்துக்கொள்ளும், கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரக்கும். உப்பு, சர்க்கரையும் இப்போதைக்குத் தேவையே இல்லை.

கரண்டிக்காரி:
அதேதான். பால் பாட்டிலில் மாவைக் கலந்து கொடுப்பதும் வேண்டாம், புரையேறும். கரண்டியால் மட்டும்.

தூங்காதஅம்மா:
எல்லோருக்கும் நன்றி. தோழியிடம் தோல்வியை ஒப்புக்கொண்டாயிற்று, அவள் அதைச் சும்மா விடப்போவதில்லை. இன்று காலை பச்சைத்தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினேன், ஒரு கட்டி இல்லை. 3 கரண்டி நானே சாப்பிட்டுவிட்டேன், உப்பில்லாமல் சுமார்தான். வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது சொட்டு மருந்து பற்றிக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.