ஒழுங்கு நடவடிக்கைக் கணக்கைப் பள்ளிகள் பொதுவில் வெளியிட வேண்டுமா?

மேலூர்ப் பெற்றோர்:
பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பள்ளி வாசலிலேயே பதாகை கட்டி அறிவிக்கிறார்கள். அந்த விழுக்காட்டைக் காப்பாற்ற ஒன்பதாம் வகுப்பு முடிவில் எத்தனை பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இடைநீக்கம், வெளியேற்றம் ஆகியவற்றைப் பெயர் இல்லாமல், பள்ளிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அமெரிக்க அரசு 1968 முதல் பள்ளிகளிடமிருந்து குடிமை உரிமைத் தரவுகளைத் திரட்டி வருகிறது. அதன் 2011-12 கணக்குப்படி மழலையர் வகுப்புகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 விழுக்காடுதான். ஆனால் ஒரு முறைக்கு மேல் இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் 48 விழுக்காடு. கணக்கு வெளிவராமல் இருந்திருந்தால் இந்த ஓரவஞ்சனை யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உசிலம்பட்டி:
ஐயா, அமெரிக்கக் கணக்கு இருக்கட்டும். எங்கள் பக்கத்துக் கிராமப் பள்ளியில் ‘ஒன்பதாம் வகுப்பு, இடைநீக்கம் 1’ என்று போட்டால், அது யார் வீட்டுப் பிள்ளை என்று மாலைக்குள் டீக்கடையில் பெயர் சொல்லிவிடுவார்கள். சமூகவாரியாகப் பிரித்துப் போட்டால் இன்னும் மோசம்; 2023இல் நாங்குநேரியில் சாதிப் பகையால் சக மாணவர்களே ஒரு மாணவனை வெட்டியதற்குப் பிறகுதான், பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க வழி சொல்லும் நீதிபதி சந்துரு குழுவையே அமைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மாணவன் எப்படி நடந்திருந்தாலும் டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்றே எழுதிக் கொடுத்தோம். பதினான்கு வயதில் செய்தது அடுத்த பள்ளி வரை அவனைத் துரத்தக் கூடாது என்பதற்காகத்தான்.

மேலூர்ப் பெற்றோர்:
சிறிய எண்களை ஊராட்சி ஒன்றிய அளவில் சேர்த்துக் காட்டலாம். சமூக விவரம் துறையோடு நிற்கட்டும். ஆனால் அந்த ‘நன்று’ பள்ளிக்கும் வசதிதான், ஐயா. எட்டாம் வகுப்பு வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. அதனால், ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று பெற்றோரிடமே கடிதம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஏட்டில் வெளியேற்றம் பூஜ்யம். ஆகவே எண்ண வேண்டியது டி.சி.யைத்தான். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில், பள்ளியை விட்டுப் போகும் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போவது பதிவாகிறது. அதை எந்தத் தலைமையாசிரியரும் மறைக்க முடியாது.

திருமங்கலம் வழக்கறிஞர்:
தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 8(1)(j) பிரிவு தனிப்பட்ட தகவலைத்தான் காக்கிறது. பெயரில்லாத மொத்த எண்ணிக்கைக்கு அது தடையாகாது. வெளியிடுவதென்றால், உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின் கீழ் ஆசிரியர்கள் மீது வந்த புகார்களின் எண்ணிக்கையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு தரப்பின் குற்றத்தை மட்டும் எண்ணுவது கணக்கல்ல.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உசிலம்பட்டி:
புகார் எண்ணிக்கையில் எனக்கு மறுப்பில்லை. டி.சி. கணக்கில்தான் சிக்கல். செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு பிழைக்கப் போகிறவர்கள் ஆண்டின் நடுவே பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதை ஒழுங்கு நடவடிக்கையாக எண்ணினால் ஏழை ஊர்ப் பள்ளிக்குத்தான் கெட்ட பெயர். அந்தக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வையுங்கள், இணையத்தில் போடாதீர்கள்.

மேலூர்ப் பெற்றோர்:
பிழைப்புக்காக ஊர் மாறுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் மட்டும் எண்ணிக்கை குதித்தால் அதற்குக் காரணம் செங்கல் சூளை அல்ல. அரசுப் பள்ளிக்கு நீங்கள் சொல்லும் குழு உண்டு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்குச் சட்டம் அப்படி ஒரு குழுவையே கட்டாயமாக்கவில்லையே, அங்கே யார் முன் வைப்பது?